பாஸ்பரஸ் எலும்பை அரிச்சிடுமாம், அம்மா பால் முட்டை பருப்பு எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. இது நெசமா?

தூக்கம்வராதவள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போயிடுவேன், இப்பதான் முதல் தடவையா எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

அம்மாவுக்கு 68 வயசு. போன வருஷம் பாத்ரூம்ல லேசா வழுக்கி கைய ஊனினதுக்கே மணிக்கட்டு ஒடஞ்சுது. அப்ப எலும்பு அடர்த்திய அளக்குற டெக்ஸா ஸ்கேன் எடுத்ததுல இடுப்புல டி-ஸ்கோர் மைனஸ் 2.7, எலும்பு மெலிஞ்சு போற ஆஸ்டியோபோரோசிஸ்னு சொல்லிட்டாங்க. கால்சியம் மாத்திரை தினம் ரெண்டு, வைட்டமின் டி, அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவ வெறும் வயித்துல போட்டுட்டு அரை மணி நேரம் படுக்காம இருக்கணுமே அந்த மாத்திரை. ஒழுங்கா போட்டுட்டுதான் இருந்தாங்க.

பிரச்சனை அஞ்சு மாசம் முன்னாடி ஆரம்பிச்சுது. யாரோ ஒரு வீடியோ ஃபார்வேர்டு பண்ணிருக்காங்க, அதுல ஒருத்தர் "பாஸ்பரஸ்தான் எலும்புக்கு எமன், அது கால்சியத்த உறிஞ்சி வெளிய தள்ளிடும், வயசானவங்க பாஸ்பரஸ் சாப்பிட்டா முதுமை ரெண்டு மடங்கு வேகத்துல வரும்"னு அடிச்சு விடுறாரு. அன்னைக்கே அம்மா ஒரு நோட்டு எடுத்து பாஸ்பரஸ் இருக்குற சாப்பாடு எல்லாம் லிஸ்ட் போட்டாங்க. பால், தயிர், முட்டை, மீன், பருப்பு, கடலை, எல்லாமே அதுல வந்துடுச்சு. இப்ப வேக வெச்ச காய், பழம், ரெண்டு துண்டு பிரட், அவ்ளோதான் சாப்பாடு. 5 கிலோ எறங்கிட்டாங்க. தொடை வலிக்குதுங்குறாங்க, மாடிப்படி ஏற கைப்பிடிய புடிச்சு இழுத்துட்டு ஏறுறாங்க. கேட்டா வயசாயிடுச்சுல்லன்னு சிரிக்கிறாங்க. நெஞ்செரிச்சல் வேற, அதுக்கு ஒரு பாட்டில் மருந்து வெச்சு தண்ணி மாதிரி குடிக்கிறாங்க.

போன வாரம் ரத்தம் எடுத்தோம். கிரியேட்டினின் (கிட்னிக்கு பாக்குறது) நார்மல், கால்சியம் நார்மல், பாஸ்பரஸ் 2.2. ரிப்போர்ட்ல 2.5லேர்ந்து 4.5 வரைக்கும்னு போட்டிருக்கு. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், "பாத்தியா, நான் கொறச்சு காட்டிட்டேன்"ங்குறாங்க. எனக்கு என்னவோ சரியா படல. யாராவது விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, பாஸ்பரஸ் அவ்ளோ மோசமா?

---

சோடாமூடி எழுதியது:

வீடியோல சொன்னது கரெக்ட்தான் தோழி. கோலால ஒரு பல்ல போட்டு வெச்சா கரைஞ்சு போயிடும் தெரியும்ல? அதுல இருக்குறது பாஸ்பாரிக் ஆசிட். அதே பாஸ்பரஸ்தான் பால்லயும் இருக்கு. அம்மா பண்றது சரி, விட்டுடுங்க.

---

தட்டுல_என்ன எழுதியது:

சோடாமூடி, தப்பா எடுத்துக்காதீங்க, ஆனா எலுமிச்சம்பழச் சாறுல போட்டு வெச்சாலும்தான் பல் கரையும். அது ஆசிட் பண்ற வேலை. முழுங்குனதுக்கு அப்புறம் எலும்புல நடக்குறது முழுக்க வேற கதை.

நான் டயட்டீஷியன், 11 வருஷமா இதே வேலை. கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

ஒரு ஆளோட உடம்புல மொத்தம் கிட்டத்தட்ட 700 கிராம் பாஸ்பரஸ் இருக்கு, அதுல சுமார் 85 சதவீதம் எலும்புலயும் பல்லுலயும். எலும்போட கெட்டித்தன்மை எங்கேர்ந்து வருதுன்னா ஹைட்ராக்ஸிஅபடைட்ங்குற படிகத்துலேர்ந்து. அதுல 10 கால்சியத்துக்கு 6 பாஸ்பேட் (உடம்புல பாஸ்பரஸ் இருக்குற ரூபம்தான் பாஸ்பேட்). அந்த 6 இல்லாம 10 மட்டும் வந்து ஒண்ணும் பண்ண முடியாது, பூ கூடை நிறைய இருந்தாலும் நார் இல்லன்னா மாலை கட்ட முடியாதுல்ல அந்த மாதிரி. நம்ம ஆளுங்க கால்சியம் கால்சியம்னு பூவையே வாங்கிக் குவிக்கிறாங்க, நாரப் பத்தி பேச யாரும் இல்ல, பேசுனாலும் இந்த வீடியோக்காரர் மாதிரி திட்டத்தான் பேசுறாங்க.

எலும்பு மட்டும் இல்ல, தசை சுருங்கி விரியிறதுக்கு சக்தி குடுக்குற ஏடிபி, அதுலயும் பாஸ்பேட் இருக்கு. டிஎன்ஏல இருக்கு, ஒவ்வொரு செல்லோட தோல்லயும் இருக்கு. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 700 மில்லிகிராம் வேணும்னு அமெரிக்க அளவு, ஐரோப்பாக்காரங்க 550ன்னு வெச்சிருக்காங்க. 9லேர்ந்து 18 வயசு வரைக்கும் எலும்பு வேகமா வளர்ற காலம், அதனால 1250. சாதாரணமா சாப்பிடுறவங்களுக்கு இது தானா வந்துடும், அதனாலதான் பாஸ்பரஸ் குறைபாடுங்குற வார்த்தையே வெளிய யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. உங்க அம்மா கஷ்டப்பட்டு அதையும் சாதிச்சிருக்காங்க போல.

சரி இந்த பயம் எங்கேர்ந்து வந்துச்சு? முழுப் பொய்யும் இல்ல. சாப்பாட்டுல கால்சியம் ரொம்ப கம்மியா இருந்து பாஸ்பரஸ் மட்டும் ரொம்ப ஜாஸ்தியா போனா கழுத்துல இருக்குற சின்ன சுரப்பி விடுற பாராதைராய்டு ஹார்மோன் ஏறும், அது ஏறுனா எலும்புலேர்ந்து கால்சியத்த எடுத்து ரத்தத்துக்கு குடுக்கும். இது உண்மை. இதையே ஒரு பக்கமா இழுத்து, பாஸ்பேட் ரத்தத்த அமிலமாக்கும், அத சரிபண்ண எலும்பு கரையும்னு ஒரு கொள்கை ரொம்ப காலம் ஓடுச்சு. 2009ல பல ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்தப்ப பாஸ்பேட் ஜாஸ்தியானா சிறுநீர்ல போற கால்சியம் குறையத்தான் செஞ்சுது, உடம்புல நிக்குற கால்சியம் குறையல. அதாவது வீடியோல சொன்னதுக்கு நேர் எதிரா.

கோலா விஷயத்துக்கு வர்றேன். அமெரிக்காவுல பல வருஷமா நடக்குற ஃப்ரேமிங்ஹாம் ஆய்வுல 2006ல வந்த முடிவு, தினமும் கோலா குடிக்குற பெண்களுக்கு இடுப்பு எலும்பு அடர்த்தி கம்மியா இருந்துச்சு, ஆண்களுக்கு அப்படி தெரியல, மத்த சோடா குடிச்சவங்களுக்கும் தெரியல. ஆனா ஒரு டின் கோலால இருக்குற பாஸ்பரஸ் ஒரு டம்ளர் பால்ல இருக்குறதுல கால் பங்குதான் வரும். பால்ல 230 மில்லிகிராம் பக்கம் இருக்கு, கூடவே கால்சியமும் இருக்கு. அப்ப பாஸ்பரஸ் அளவு மட்டும் வில்லன்னா பால் குடிக்குறவங்க எலும்பு மொதல்ல போயிருக்கணும். கோலா குடிக்குறவங்க பால் குடிக்குறத விட்டுடுறாங்க, காபீன் இருக்கு, இன்னும் என்னென்னமோ இருக்கலாம். கோலாவ நான் ஆதரிக்கல, அத யாருக்கும் எழுதிக் குடுத்ததும் இல்ல, ஆனா குத்தம் சுமத்துறப்ப சரியான ஆள புடிக்கணும்.

எனக்கு உண்மையான கவலை அந்த 5 கிலோ. இந்த வயசுல 5 கிலோ எறங்குனா அதுல நிறைய தசைதான் போயிருக்கும். தசை போனா விழுவாங்க, விழுந்தா ஒடையும். 65க்கு மேல உடம்பு எடையில ஒரு கிலோவுக்கு 1லேர்ந்து 1.2 கிராம் வரைக்கும் புரதம் வேணும்னு சொல்றோம், பாஸ்பரஸ பயந்து அம்மா வெட்டுனது பூராவும் புரதம். லிஸ்ட்ட திரும்ப பாருங்க.

---

சிவப்பு_மூடி எழுதியது:

லேப்ல வேலை பாக்குறேன், டாக்டர் இல்ல, அத மொதல்லயே சொல்லிடுறேன்.

ஒரு பாஸ்பரஸ் நம்பர வெச்சு முடிவு பண்ணாதீங்க. காலையில கம்மியா காட்டும், ராத்திரி ஏறும், சாப்பிட்டா மாறும். ரத்தம் எடுக்குறப்ப சிவப்பணு ஒடஞ்சு போச்சுன்னா உள்ள இருக்குற பாஸ்பேட் வெளிய வந்து பொய்யா ஜாஸ்தி காட்டும். ஆனா பொய்யா கம்மி காட்டுறது அவ்ளோ சுலபமா நடக்காது, அதனால 2.2ன்னு வந்தத நான் சும்மா விடமாட்டேன்.

இப்ப ஒரு கேள்வி. நெஞ்செரிச்சலுக்கு தண்ணி மாதிரி குடிக்கிறாங்கன்னு போற போக்குல சொன்னீங்களே, அந்த பாட்டில எடுத்து பின்னாடி படிங்க. அலுமினியம் ஹைட்ராக்சைடுன்னு இருக்கா? எவ்ளோ நாளா, ஒரு நாளைக்கு எத்தன ஸ்பூன்?

---

தூக்கம்வராதவள் எழுதியது:

ஐயோ. ஆமாங்க, அலுமினியம் ஹைட்ராக்சைடு, மெக்னீசியம் ஹைட்ராக்சைடு ரெண்டும் இருக்கு. அந்த வார மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்து எரிச்சல், அதனால ஒரு வருஷம் ஆகப்போகுது. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கு அப்புறமும் குடிப்பாங்க, ராத்திரி படுக்குறப்ப ஒரு தடவ, நடுவுல எரிஞ்சா இன்னொரு தடவ. ஸ்பூன்லாம் இல்ல, மூடியில ஊத்தி குடிப்பாங்க. யார்கிட்டயும் சொல்லணும்னே தோணல, கடையில சும்மா குடுக்குறதுதானே அது.

---

சிவப்பு_மூடி எழுதியது:

அதான் நெனச்சேன். அலுமினியம் குடல்ல பாஸ்பேட்ட புடிச்சு வெச்சுக்கும், ரத்தத்துக்கு போக விடாது, மலத்தோட வெளிய போயிடும். ஒரு காலத்துல கிட்னி போனவங்களுக்கு பாஸ்பேட்ட குறைக்கவே இத குடுத்தாங்க, அலுமினியம் உடம்புல சேருதுன்னு தெரிஞ்சதும்தான் விட்டாங்க. எப்பவாவது குடிச்சா ஒண்ணும் ஆகாது. மாசக்கணக்கா, அதுவும் பாஸ்பரஸ் சாப்பாடே இல்லாம குடிச்சா எலும்புல புதுசா போடுற பகுதி கெட்டிப்படாம மெத்துனு நின்னுடும், ஆஸ்டியோமலேசியான்னு பேரு. தொடை வலி, படி ஏற முடியாதது எல்லாம் அதுக்கு சொல்ற அறிகுறிதான். இருக்குன்னு நான் சொல்லல, வேற நூறு காரணம் இருக்கலாம். ஆனா அந்த பாட்டில கையில எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க. ஆல்கலைன் பாஸ்படேஸ் (எலும்பு சரியா கெட்டிப்படலன்னா ஏறுற என்சைம்), வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், சிறுநீர்ல பாஸ்பரஸ், இதெல்லாம் பாக்க சொல்லுவாங்க.

---

தட்டுல_என்ன எழுதியது:

சிவப்பு மூடி, கும்பிடு. நான் அவ்ளோ நீளமா எழுதிட்டு அந்த பாட்டில கோட்டை விட்டுட்டேன்.

இதோட இன்னொண்ணும் சேத்துக்கோங்க. கால்சியம் மாத்திரை சாப்பாட்டோட போட்டா அதுவும் குடல்ல பாஸ்பேட்ட கொஞ்சம் புடிக்கும். நல்லா சாப்பிடுறவங்களுக்கு இது பெரிய விஷயமே இல்ல. ஆனா உங்க அம்மா கேஸ்ல சாப்பாட்டுல பாஸ்பரஸே இல்ல, வந்த கொஞ்சநஞ்சத்துல பாதிய கால்சியம் புடிக்குது, மீதிய அந்த மருந்து புடிக்குது. வயசானவங்க கம்மியா சாப்பிட்டுட்டு கால்சியம் மட்டும் அள்ளிப் போட்டா பாஸ்பரஸ் பத்தாம போகலாம்னு ராபர்ட் ஹீனின்னு ஒரு எலும்பு ஆராய்ச்சியாளர் ரொம்ப நாள் சொல்லிட்டே இருந்தாரு. கால்சியம் மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர் சொல்லட்டும்.

---

அப்பாவுக்காக எழுதியது:

எல்லாரும் பாஸ்பரஸ் நல்லவன்னு சொல்லிட்டே போறீங்க, இத படிச்சுட்டு கிட்னி பேஷண்ட் யாராவது தைரியமா ஆரம்பிச்சுடப் போறாங்கன்னு எழுதுறேன்.

எங்க அப்பா நாலு வருஷமா டயாலிசிஸ்ல இருக்காரு. அவருக்கு பாஸ்பரஸ் 6.8 வரைக்கும் போயிருக்கு. உடம்பெல்லாம் அரிப்பு, ராத்திரி சொறிஞ்சு சொறிஞ்சு பெட்ஷீட்ல ரத்தம். கிட்னிதான் ஜாஸ்தியான பாஸ்பேட்ட வெளிய தள்ளணும், அது வேலை செய்யலன்னா ரத்தத்துல தேங்கும், பாராதைராய்டு ஹார்மோன் எகிறும், எலும்பு நெசமாவே அரிக்கும், அந்த கால்சியமும் பாஸ்பேட்டும் ரத்தக்குழாய் சுவத்துல போய் படியும். அப்பாவோட எக்ஸ்ரேல கால் ரத்தக்குழாய் வெள்ளைக் கோடா தெரிஞ்சுது, எலும்பு மாதிரி. எலும்புல இருக்க வேண்டியது குழாய்ல போய் ஒக்காந்துக்குச்சுன்னு டாக்டர் சொன்னாரு. எனக்கு சந்தேகம் அந்த வீடியோக்காரர் கிட்னி பேஷண்டுக்கு சொல்ற அட்வைஸ எல்லாருக்கும்னு எடுத்து போட்டிருப்பாரு.

அனுபவத்துல கத்துக்கிட்டது ஒண்ணு சொல்றேன், இது கிட்னி நல்லா இருக்குறவங்களுக்கும் பயன்படும். ஆரம்பத்துல நாங்களும் உங்க அம்மா மாதிரி பருப்பு, முட்டை எல்லாம் நிறுத்துனோம், பாஸ்பரஸ் எறங்கல, அப்பாதான் எலும்பும் தோலுமா ஆனாரு. அப்புறம் வந்த டயட்டீஷியன் பாக்கெட் எல்லாத்தையும் மேசை மேல கொட்ட சொன்னாங்க. பதப்படுத்துன இறைச்சி, தடவுற சீஸ், ரெடிமேட் சூப்பு, பாட்டில் பானம். எல்லாத்துலயும் பாஸ்பேட் சேத்திருக்கான். தானியம், பருப்புல இருக்குற பாஸ்பரஸ் ஃபைடேட்டுங்குற ரூபத்துல பூட்டிக் கெடக்கு, அத ஒடைக்குற என்சைம் நம்ம குடல்ல கிடையாது, அதனால பாதிகூட உள்ள ஏறாது. பால், முட்டை, மீனுல இருக்குறது பாதிக்கு மேல ஏறும். பாக்கெட்டுல உப்பா சேக்குறது பெரும்பகுதி ஏறிடும். ஆக நோட்டுல மில்லிகிராம் மட்டும் எழுதிட்டு ஒக்காந்தா பருப்புதான் திருடன்னு தோணும், உள்ள வர்றவன் வேற ஆளு. அதுலயும் கொடுமை என்னன்னா பாக்கெட்டு சத்துப் பட்டியல்ல சோடியம் எவ்ளோன்னு போடுவான், பாஸ்பரஸ் எவ்ளோன்னு பெரும்பாலும் போட மாட்டான். கீழ பொடி எழுத்துல 338லேர்ந்து 341, 450, 451, 452, இந்த நம்பர் இருந்தா பாஸ்பேட்னு நாம கண்டுபுடிச்சுக்கணும்.

இப்ப அப்பா முட்டை வெள்ளைக்கரு தினம் சாப்பிடுறாரு (பாஸ்பரஸ் கிட்டத்தட்ட எல்லாமே மஞ்சள்லதான்), சாப்பாட்டோட சேத்து பாஸ்பேட்ட புடிக்குற மாத்திரை. 5க்கு எறங்கிருக்கு. அரிப்பு பாதி போச்சு.

---

எலிவளை எழுதியது:

அந்த "முதுமை ரெண்டு மடங்கு" பத்தி யாரும் பேசலயே. எனக்கு புடிச்ச ஏரியா, அதனால வர்றேன்.

அது எங்கேர்ந்து கெளம்புச்சுன்னு எனக்கு தெரிஞ்சு இதுதான். 1997ல ஜப்பான்ல குரோ-ஓ குழு ஒரு எலி வகைய பத்தி எழுதுனாங்க, அதுல ஒரு ஜீன் கெட்டுப் போயிருந்துச்சு. அந்த எலிக்கு சின்ன வயசுலயே எலும்பு மெலிஞ்சு, தோல் சுருங்கி, ரத்தக்குழாய்ல சுண்ணாம்பு படிஞ்சு, ரெண்டு மாசத்துலயே செத்துடும், மத்த எலி ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும். அந்த ஜீனுக்கு கிரேக்கக் கதையில உயிரோட நூல நூக்குற தேவதை பேர வெச்சாங்க, க்ளோத்தோ. அப்புறமாதான் தெரிஞ்சுது, எலும்பு எஃப்ஜிஎஃப்-23ன்னு ஒரு ஹார்மோன அனுப்பி "பாஸ்பேட் ஜாஸ்தி, வெளிய தள்ளு"ன்னு கிட்னிக்கு சொல்லும், அந்த சேதி கிட்னி காதுல விழணும்னா க்ளோத்தோ வேணும். அது இல்லாததால பாஸ்பேட் தேங்கி எலி கிழடாயிருக்கு. பாஸ்பேட் கம்மியான தீவனம் போட்டா அந்த எலி நிறைய தேறிடுது.

எலும்புன்னா நாம சும்மா தூணுன்னு நெனச்சுட்டு இருக்கோம், அது கிட்னிக்கு கடுதாசி போட்டுட்டு இருக்கு, எனக்கு இது எப்ப படிச்சாலும் ஆச்சரியம்தான்.

வீடியோக்காரர் எலிய எடுத்துட்டு மனுஷன வெச்சுட்டாரு, ஜீன் கெட்டத மறைச்சுட்டாரு. நல்ல கிட்னி இருக்குற ஆளு ஒரு முட்டை சாப்பிட்டா அந்த ஹார்மோன் கொஞ்சம் ஏறும், எச்சத்த ஒண்ணுக்குல தள்ளிடும், முடிஞ்சுது. ஆனா ஒரு நியாயமும் இருக்கு. வயசாக ஆக கிட்னியோட வடிகட்டி எண்ணிக்கை குறையுது, க்ளோத்தோவும் குறையுது. ரத்தத்துல பாஸ்பேட் நார்மலா காட்டுறப்பவே உள்ளுக்குள்ள அந்த ஹார்மோன் ஏறிட்டு இருக்கலாம், நம்பர் நார்மல்னு காட்ட உடம்பு கூடுதலா உழைக்குது. 70 தாண்டுனவங்களுக்கு ஒரு நாளைக்கான பாஸ்பரஸ் உச்ச வரம்ப 4000லேர்ந்து 3000 மில்லிகிராமா குறைச்சு வெச்சிருக்குறதுக்கு காரணம் இதுதான், கிட்னி முன்ன மாதிரி தாங்காது. அதனால பாக்கெட் சாப்பாட்ட குறைங்கன்னு அந்த ஆளு சொல்லியிருந்தா நானே ஷேர் பண்ணியிருப்பேன். பருப்ப நிறுத்த சொன்னா எப்படி.

---

சோடாமூடி எழுதியது:

சரி சரி ஒத்துக்குறேன், பால் விஷயத்துல அவசரப்பட்டுட்டேன். கோலா விஷயத்துல மாறமாட்டேன் 😄

---

தூக்கம்வராதவள் எழுதியது (ஏழு வாரம் கழிச்சு):

எல்லாருக்கும் அப்டேட் குடுக்கணும்னு இருந்தேன், ஓட்டத்துல நேரமே கிடைக்கல.

பாட்டில கொண்டுபோய் டாக்டர் மேசை மேல வெச்சேன். அவரு அம்மாவ பாத்து இத எத்தன மூடின்னு கேட்டாரு, அம்மா ரெண்டுன்னாங்க, நான் ஆறுன்னேன், ரெண்டு பேரும் அங்கயே சண்டை. திரும்ப எடுத்ததுல பாஸ்பரஸ் 2.0, ஆல்கலைன் பாஸ்படேஸ் ஜாஸ்தி, வைட்டமின் டி பரவால்ல. சிறுநீர்ல பாஸ்பரஸ் இல்லன்னே சொல்லலாம். கிட்னி ஒரு துளிகூட விடாம புடிச்சு வெச்சிருக்கு, அப்ப ஓட்டை கிட்னில இல்ல, உள்ள வர்றதுதான் பத்தலன்னு டாக்டர் விளக்குனாரு. அந்த மருந்த அன்னைக்கே நிறுத்திட்டாரு, எரிச்சலுக்கு வேற மாத்திரை. வார மாத்திரைய இப்போதைக்கு நிறுத்தி வெக்க சொன்னாரு, எலும்பு மொதல்ல கெட்டிப்படட்டும், அப்புறம் பாக்கலாம்னு. கால்சியத்த சாப்பாட்டுலேர்ந்து தள்ளி போட சொன்னாரு, அளவும் பாதியாயிடுச்சு. ரொம்ப நாள் சரியா சாப்பிடாம இருந்ததால ஒரேயடியா நிறைய குடுக்காதீங்க, கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்கன்னும் சொன்னாரு. அப்படி திடீர்னு சாப்பிட்டா ரத்தத்துல இருக்குற பாஸ்பேட் இன்னும் எறங்குமாமே, எனக்கு தெரியவே தெரியாது.

சாப்பிட வைக்குறதுதான் பெரிய போராட்டமா போச்சு. "அஞ்சு மாசமா விஷம்னு நெனச்சத எப்படி வாயில வைக்குறது"ன்னு மொத வாரம் அழுதாங்க. அப்ப தட்டுல என்ன சொன்ன பூ நாரு கதைய சொன்னேன். ஒண்ணும் பேசல, மறுநாள் காலையில அவங்களே பால் காய்ச்சி எடுத்துட்டு வந்தாங்க. மூணாவது வாரத்துலேர்ந்து தினம் ஒரு முட்டை, பருப்பு, சாயங்காலம் கடலை.

போன வாரம் பாஸ்பரஸ் 3.1. எடை ஒன்றரை கிலோ ஏறிருக்கு. தொடை வலி முழுசா போகல, ஆனா நேத்து கைப்பிடிய புடிக்காம அஞ்சாறு படி ஏறுனாங்க, நான் கீழ நின்னு பாத்துட்டு இருந்தேன், அவங்களுக்கு தெரியாது.

அந்த நோட்டு இன்னும் இருக்கு. இப்ப லிஸ்ட்ட அடிச்சுட்டு, அப்பாவுக்காக எழுதுன நம்பர் எல்லாம் எழுதி வெச்சு, பூதக்கண்ணாடி வெச்சு பாக்கெட் பின்னாடி படிச்சுட்டு இருக்காங்க. கேக் பாக்கெட்டுல 450ன்னு இருக்காம், அது எதுக்கு போடுறான்னு உங்ககிட்ட கேக்க சொன்னாங்க.

---

சிவப்பு_மூடி எழுதியது:

டைபாஸ்பேட். மாவு உப்பி வர்றதுக்கு பேக்கிங் பவுடர்ல சேக்குறது. எப்பவாவது ஒரு துண்டு சாப்பிடலாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க, மறுபடியும் புது லிஸ்ட் ஆரம்பிச்சுடப் போறாங்க.